கரும்பு பிடித்த முதியவரும் காந்தம் ஒட்டிய டப்பாவும்

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் இருக்கிறது செட்டிகுளம். ஊருக்குள் ஏகாம்பரேசுவரர் கோயில், குன்றின் மேல் தண்டாயுதபாணி. மற்ற ஊர்களில் தண்டம் ஊன்றி நிற்கும் முருகன் இங்கே கரும்பைப் பிடித்திருக்கிறார். தலபுராணம் அதற்கு ஒரு கதை சொல்கிறது. இந்த இடம் கடம்ப வனமாக இருந்த காலத்தில் அவ்வழியே போன வணிகர் ஒருவர், இருட்டிவிட்டதால் மரத்தில் ஏறித் தங்கினார். நள்ளிரவில் கீழே ஓர் ஒளி, ஒளிக்குள் ஒரு லிங்கம். விடிந்ததும் அரசனிடம் போய்ச் சொன்னார். அரசன் வந்து தேடினான், இடம் பிடிபடவில்லை. அப்போது கையில் கரும்போடு ஒரு முதியவர் வந்தார். இதோ என்று இடத்தைக் காட்டிவிட்டு மறைந்துபோனார். அந்த முதியவர்தான் முருகன் என்பது ஊர் நம்பிக்கை.

இதை வரலாறாகப் படிக்க வேண்டியதில்லை. ஒளிந்திருக்கும் ஒன்றைத் தேடும் கதையாகப் படித்தால் சுவாரசியமான இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. தேடுபவருக்கு ஏறக்குறைய இடம் தெரியும், ஆனால் பக்கத்தில் வந்த பிறகும் பொருள் கண்ணில் படவில்லை. வழி காட்ட வந்தவரும் வேடமிட்டே வருகிறார், அந்த வேடமோ மிக எளிமையானது. எறையூரில் சர்க்கரை ஆலையே இயங்கும் சீமை இது. இங்கே கரும்போடு நடந்து போகும் கிழவரை யார் ஏறிட்டுப் பார்ப்பார்கள்? மாறுவேடங்களில் சிறந்தது எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பார்த்தவருக்குப் பார்த்த நினைவே இருக்கக் கூடாது.

ஜியோகேச்சிங் என்ற விளையாட்டின் கவர்ச்சியும் இங்கேதான் இருக்கிறது. ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் இடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். கருவியோடு போய்த் தேடுவார்கள். கிடைத்தால் டப்பாவுக்குள் இருக்கும் சீட்டில் பெயரெழுதி, இருந்த இடத்திலேயே இருந்தபடியே வைத்துவிட்டு வருவார்கள். பரிசு கிடையாது. ஆனாலும் உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் இப்படி ஒளிந்திருக்கின்றன.

விளையாட்டு பிறந்த நாள் துல்லியமாகத் தெரியும். பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞைகளில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து அனுப்பிவந்தது. 2000 மே 1 அன்று அதிபர் பில் கிளின்டன் அதை நிறுத்த உத்தரவிட்டார். அதுவரை நூறு மீட்டர் வரை தவறிக்கொண்டிருந்த கருவிகள் ஒரே இரவில் பத்திருபது மீட்டருக்குள் வந்து நின்றன. மே 3 அன்று டேவ் அல்மர் என்பவர் ஒரெகான் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியைப் பாதி புதைத்து வைத்து, அதன் எண்களை இணையத்தில் அறிவித்தார். உள்ளே புத்தகங்கள், வீடியோ நாடா, கவண், ஒரு பீன்ஸ் டப்பா, கூடவே ஒரு குறிப்பேடு. சில நாட்களுக்குள் மைக் டீக் என்பவர் அதைக் கண்டுபிடித்தார்.

அந்த முதல் வாளிக்கு வேடம் எதுவும் இல்லை. தேவையும் இருக்கவில்லை, அந்த எண்களைக் கொண்டு அவ்வளவு கிட்டத்தில் போய் நிற்க முடிந்ததே அன்று பெரிய வியப்பு. இன்று எல்லார் சட்டைப் பையிலும் இருக்கும் கைபேசி, திறந்த வானத்தின் கீழ் ஐந்து மீட்டர் அளவில் இடம் சொல்லிவிடுகிறது. அந்த வட்டத்துக்குள் வாளி கிடந்தால் தேட என்ன இருக்கிறது? கருவி கூர்மையாக ஆக, ஒளிப்பவர்கள் பொருளை மாற்றினார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். செயற்கைக்கோள் கையை விட்டுவிடும் அந்தக் கடைசி ஐந்து மீட்டரில்தான் இப்போது விளையாட்டு முழுவதும் நடக்கிறது.

அங்கே நடக்கும் கைவேலை அசரவைக்கும். விரல் நுனி அளவுள்ள உலோகச் சிமிழ், அடியில் காந்தம். அதை இரும்புக் கிராதியில் ஒட்டினால் அது ஒரு ஆணித் தலை. போல்ட்டைக் குடைந்து உள்ளே சீட்டைச் சுருட்டி வைத்துப் பாலத்துக் கைப்பிடியில் மாட்டியவர்கள் உண்டு. குடைந்த மரக்கட்டை, பிசினில் வார்த்த போலிக் கல், நத்தை ஓட்டுக்குள் செருகிய சிமிழ், புல்வெளியில் தண்ணீர் தெளிக்கும் குழாய்த் தலை, யாரோ மென்று ஒட்டிவிட்டுப் போன சூயிங்கம், நாய் அசிங்கம் போல வார்த்த டப்பா வரைக்கும் போயிருக்கிறார்கள். கடைசி இரண்டையும் கேட்டு முகம் சுளிப்பவர்களுக்கு அவை எப்படி வேலை செய்கின்றன என்பது சொல்லாமலே புரிந்திருக்கும்.

ஏனென்றால் வேடத்தில் இரண்டு வகை. ஒன்று, இது பயனற்றது, எப்போதும் இங்கே இருப்பது என்று கண் கடந்து போய்விடும் பொருள். ஆணியும் கல்லும் கரும்புக் கிழவரும் அந்த வகை. மற்றது, கண் தானாகவே விலகிக்கொள்ளும் பொருள். அருவருப்பு, அச்சம், தீட்டு ஆகிய மூன்றும் அங்கே காவல் நிற்கின்றன. இரண்டிலும் டப்பா செய்தவரின் கைத்திறன் பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதியைச் செய்வது பார்ப்பவரின் பழக்கம்.

இந்தப் பழக்கத்தை அறிவியல் அளந்து பார்த்திருக்கிறது. 1999-இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் ஆகிய இரு உளவியலாளர்கள், பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணச் சொல்லி ஒரு காணொளியைக் காட்டினார்கள். நடுவில் கொரில்லா வேடமிட்ட ஒருவர் வந்து மார்பில் தட்டிக்கொண்டு போனார். பார்த்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கொரில்லாவைக் கவனிக்கவே இல்லை. அதற்கு முன்பே, டச்சு உயிரியலாளர் லூக் டின்பெர்கன் பைன் காட்டுப் பறவைகளிடம் ஒன்றைக் கவனித்திருந்தார், அந்த ஆய்வு 1960-இல் வெளியானது. புதிய பூச்சி ஒன்று தலைகாட்டும்போது பறவைகள் அதைத் தவறவிடுகின்றன. அந்தப் பூச்சி பெருகி, சில முறை அகப்பட்ட பிறகு திடீரென்று சரமாரியாகக் கொத்தித் தின்கின்றன. பூச்சியின் நிறம் மாறவில்லை, பறவை தன் மனத்தில் அதன் உருவத்தைப் பதித்துக்கொண்டது, அவ்வளவுதான். இதைத் தேடல் உருவம் என்று அவர் குறிப்பிட்டார். டப்பா தேடுபவர்களும் இந்தப் பறவைகளைப் போலத்தான். காந்தச் சிமிழை ஒருமுறை கண்டவருக்கு அதன் பிறகு ஊரிலுள்ள எல்லாக் கிராதியும் சந்தேகத்துக்குரியது. ஒரு தந்திரம் ஒருவரிடம் ஒருமுறைதான் செல்லும். ஒளிப்பவர்கள் ஓயாமல் புதிது புதிதாகச் செய்துகொண்டிருப்பதற்குக் காரணம் அது.

எட்கர் ஆலன் போ 1844-இல் எழுதிய சிறுகதையில் திருடப்பட்ட கடிதம் ஒன்று வீடு முழுக்கச் சல்லடை போட்டும் அகப்படாது. எல்லார் கண்ணிலும் படும்படி தாள் செருகும் தட்டிலேயே அது இருக்கும். துப்பறியும் கதை வாசித்த எல்லாருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு. ஆனால் இந்தக் கலையின் உச்சத்துக்கு அந்தக் கதை நடக்கும் பாரிசு வரைக்கும் போக வேண்டியதில்லை. செட்டிகுளத்துக்குக் கிழக்கே, இன்றைய அரியலூர் மாவட்டத்தில், உடையார்பாளையம் இருக்கிறது.

1687-இல் கோல்கொண்டா அவுரங்கசீப்பிடம் வீழ்ந்தது. அடுத்து முகலாயப் படை தெற்கே இறங்கும் என்ற அச்சம் காஞ்சிபுரத்தைப் பிடித்துக்கொண்டது. வரதராசர், ஏகாம்பரநாதர், காமாட்சி ஆகிய மூன்று பெருங்கோயில்களின் திருமேனிகளையும் ஊரைவிட்டுக் கடத்திவிட முடிவாயிற்று. 1688-இல் அவற்றைப் பிணங்களைப் போலச் சுற்றிக் கட்டி, பாடையில் ஏற்றி, சவ ஊர்வலமாகக் கொண்டு போனார்கள் என்கிறது வழிவழியாக வந்து, ஆங்கிலேயர் கால ஆவணங்களிலும் ஏறிவிட்ட செய்தி. நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே, உடையார்பாளையத்துக் காட்டுப் பகுதியில் பாளையக்காரரின் பாதுகாப்பில் அவை வந்து சேர்ந்தன.

இதைச் செய்தவர்கள் எவ்வளவு துணிந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கோயிலில் மிகப் புனிதமானது எதுவோ அதற்கு, மிகத் தீட்டானது எதுவோ அதன் வேடம். ஆகமம் அறிந்த ஒருவர் மனத்தில் கனவிலும் சேராத இரண்டு அவை. சேராது என்பதுதான் பாதுகாப்பு. வழியில் நிறுத்திச் சோதிக்கும் சிப்பாய் எந்த மதத்தவனாக இருந்தாலும் பாடைத் துணியை விலக்கிப் பார்க்கத் தயங்குவான். உள்ளூர்க்காரனோ சொல்லாமலே ஒதுங்கி நிற்பான். பொருளைச் சிறிதாக்காமல், நிறம் மாற்றாமல், பட்டப்பகலில், கூட்டத்தோடு, நடுத்தெருவில் ஒளித்துக் கொண்டு போயிருக்கிறார்கள். சூயிங்கம் டப்பாவின் தத்துவம் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, இதைவிட எத்தனையோ மடங்கு கனமான காரணத்துக்காக.

காமாட்சியின் பொன் திருமேனிக்குத் தனியாக ஒரு மரபுக்கதை உண்டு. பொன் பளபளக்காமல் இருக்க முகத்தில் புனுகைப் பூசி, மூடுபல்லக்கில் வைத்து, அம்மை கண்ட குழந்தை என்று சொல்லிக் கொண்டு போனார்களாம். அம்மை என்ற சொல்லைக் கேட்டுத் திரையை விலக்கிப் பார்ப்பவர் யார்? உடையார்பாளையம், திருவாரூர் என்று பல ஊர்களில் தங்கி, கடைசியில் தஞ்சாவூர் மேலவீதியில் நிலைகொண்ட பங்காரு காமாட்சி அவள்தான். அவளோடு அலைந்த அர்ச்சகர் குடும்பத்தில், திருவாரூரில் 1762-இல் பிறந்தவர் இசை மேதை சியாமா சாஸ்திரிகள். புனுகுச் சாத்து இன்றும் தொடர்வதால் தஞ்சையில் பொன் அம்மன் கருமையாகவே காட்சி தருகிறாள். வேடம் கலைக்கப்படாமல் வழிபாடாகிவிட்டது. செட்டிகுளத்து இறைவன் இறைவிக்கும் ஏகாம்பரேசுவரர், காமாட்சி என்றே பெயர் என்பதால் இந்தப் பயணத்தோடு முடிச்சுப் போடத் தோன்றும். வேண்டாம், பெயர் ஒற்றுமை தமிழ்நாட்டில் எங்கும் இருப்பது.

வரதராசர் திரும்பிப்போன கதை கல்வெட்டிலேயே இருக்கிறது. ஆபத்து நீங்கிய பிறகும் திருமேனியைக் கொடுக்கப் பாளையக்காரருக்கு மனம் வரவில்லை. அத்தான் ஜீயர் என்ற துறவி, கர்நாடகப் படைத்தலைவரான லாலா தோடர்மாலை நாடினார். அவர் படைபலத்தோடு தலையிட்ட பிறகே 1710-இல் வரதராசர் காஞ்சிக்கு மீண்டார். இருபத்திரண்டு ஆண்டுகள். அதன் நினைவாகக் காஞ்சியில் உடையார்பாளையம் உற்சவம் நடக்கிறது. ஒளித்த இடம் எதுவென்று ஒருவருக்காவது தெரிந்திருந்ததால்தான் இந்த முடிவு வாய்த்தது.

தெரிந்தவர் எல்லாரும் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் சான்றுகள் உண்டு. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் மண் தோண்டியபோது ஒரு உலோகப் பாத்திரத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன. எடை 1.716 கிலோ. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்குத் தோண்டிய இடத்தில் இருபதுக்கு மேற்பட்ட செப்புத் திருமேனிகளும், தேவாரப் பதிகங்கள் பொறித்த நூற்றுக்கணக்கான செப்பேடுகளும் வெளிவந்தன. ஒளித்தவர்கள் மிகத் திறமையாக ஒளித்திருக்கிறார்கள். குறிப்பு மட்டும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரவில்லை. புதையல் என்று நாம் குதூகலமாகச் சொல்வதெல்லாம் ஒரு வகையில் தோற்றுப்போன ஒளிப்புகள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய், சட்டம் போட்ட நாளில் கனமான தொகை.

டப்பா விளையாட்டு புதையலிலிருந்து பிரியும் இடம் இது. புதையல் பிறருக்குக் கிடைக்கக் கூடாது என்று வைத்தது. டப்பா கிடைத்தே ஆக வேண்டும், ஆனால் உடனே கிடைக்கக் கூடாது. ஆகவே ஒளிப்பவருக்கு நேர்மை என்ற கட்டுப்பாடு வந்துவிடுகிறது. நில உரிமையாளர் அனுமதியில்லாமல் மண்ணைத் தோண்டக் கூடாது என்கிறது விளையாட்டின் விதி. தேடலின் கடினம் எவ்வளவு, நிலத்தின் கடினம் எவ்வளவு என்று ஒன்று முதல் ஐந்து வரை தனித்தனியே மதிப்பெண் இட வேண்டும். சிறிய குறிப்பு ஒன்றும் தரலாம். கண்டுபிடித்த பிறகு, அடடா, இதைத்தானே இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தேடியவர் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். சரளைக் குவியலில் ஒரு போலிக் கல்லைப் போட்டுவிட்டுப் போவது இந்த வகையில் சேராது. அங்கே தேடுபவர் தோற்பது எண்ணிக்கையிடம். அதைச் செய்தவருக்கு ஒளிக்கத் தெரியவில்லை என்பதே என் தீர்ப்பு.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த நேர்மை தெரியும். கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் ஆடும்போது மணலைக் கரையாகக் குவித்து, ஒருத்தி அதற்குள் சிறு குச்சியை நகர்த்தி நகர்த்தி ஒளிப்பாள். மற்றவள் கைகளைக் கோத்து, இருக்கும் இடம் என்று தோன்றும் இடத்தில் பொத்துவாள். குச்சி அங்கே இல்லை என்றால் அடுத்த கட்டம் இன்னும் அழகு. தோற்றவளின் இரு கைகளிலும் மணலை அள்ளி வைத்து, அதில் குச்சியை நட்டு, கண்ணைப் பொத்தி, சுற்றுவழியாக எங்கெங்கோ அழைத்துப்போய் ஓரிடத்தில் கொட்டச் செய்து, மறுபடி சுற்றி அழைத்து வருவார்கள். கண்ணைத் திறந்ததும் கொட்டிய இடத்தை அவளே கண்டுபிடிக்க வேண்டும். செயற்கைக்கோள் இல்லாத ஜியோகேச்சிங் என்றால் இதுதான். நடந்த திருப்பங்களும் காலடியில் பட்ட கல்லும் வெயிலும்தான் அதில் வரைபடம். பழைய மரப்பெட்டிகளில் கள்ளறை வைத்த தச்சரிடமும் இதே குணம் இருந்தது. வேறொரு பலகையை இழுத்தால்தான் திறக்கும், ஆனால் பலகையை இழுக்க வழி இருக்கும்.

செட்டிகுளத்தைச் சுற்றியுள்ள நிலமே ஒளித்துவைப்பதில் கைதேர்ந்தது. அதே ஆலத்தூர் வட்டத்துக் காரை ஓடைகளில் கிரெட்டேசியக் காலத்துக் கடலடி வெளியே தெரிகிறது. உருண்டைக் கல் ஒன்று கிடக்கும், வெளியிலிருந்து பார்த்தால் வெறும் கல். உள்ளே சுருள் சுருளான அம்மோனைட் இருக்கலாம். கடலடிச் சேற்றில் இறந்த உயிரைச் சுற்றிச் சுண்ணம் படிந்து இறுகியதால் வந்த வேடம் அது. பக்கத்துச் சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளக் கல்மரம் ஓடைக் கரையில் படுத்திருக்கிறது. வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள். 1940-இல் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்கு அறிவித்தார். 2020-இல் குன்னம் பகுதியில் உருண்டைக் கற்கள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. அவற்றைப் பார்த்த புவியியலாளர்கள், கடல் படிவுகள் இறுகி உருண்டதால் வந்தவை என்று விளக்கினார்கள். முட்டையின் உருவம் மனத்தில் பதிந்துவிட்டால் எல்லா உருண்டையும் முட்டைதான். டின்பெர்கனின் பறவைகளுக்கு நேர்ந்த அதே கதை, திசை மட்டும் தலைகீழ்.

இத்தகைய நிலத்தில் போலிக் கல் டப்பாவை வைப்பது பெரிய தவறு. தேடி வருபவர் உண்மையான கற்களைப் புரட்டுவார், சிலர் பையிலும் போட்டுக்கொள்வார்கள். விளையாட்டுக்குள்ளேயே இதற்கு மாற்று இருக்கிறது. 2004 முதல் எர்த்கேச் என்று டப்பாவே இல்லாத வகை வந்திருக்கிறது. இடத்துக்குப் போய் நிலத்தைப் பார்த்து, கேட்ட கேள்விக்கு விடை சொன்னால் போதும். காரைக்கும் சாத்தனூருக்கும் அதுவே ஏற்றது.

இன்னொரு தொல்லை அச்சம். 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி நகரில் ஓர் உணவகத்துக்கு வெளியே ஒருவர் எதையோ குனிந்து வைப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர்கள் காவல்துறையை அழைத்தார்கள். தெருவை அடைத்து, வெடிகுண்டுப் பிரிவு வந்து அதை வெடித்து அழித்தது. அது விளையாட்டு டப்பா. விவரம் அறியாதவர்களை இந்த ஆட்டக்காரர்கள் ஹாரி பாட்டர் கதையிலிருந்து எடுத்து மக்கிள் என்று அழைப்பது வழக்கம். நல்ல வேடம் மக்கிளை ஏமாற்றும். ஏமாற்றுவது பாதியில் கலைந்தால் அதே வேடம் குற்றச்சான்று போலத் தோன்றும். ரயில் நிலையம்தோறும் கேட்பாரற்ற பொருளைத் தொடாதீர்கள் என்று ஒலிபெருக்கி சொல்லும் நாட்டில், மின்பெட்டி போல டப்பா செய்து கம்பத்தில் மாட்டுவதைக் கெட்டிக்காரத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். கிராமத்தில் வேறு வகைச் சிக்கல். வெங்காயப் பட்டறை ஓரத்தில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு குனிந்து துழாவும் வெளியூர்க்காரரை விவசாயி என்னவென்று நினைப்பார்? பட்டறையில் கிடப்பது அவருடைய ஒரு போகத்து உழைப்பு.

ஆகவே பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் டப்பா ஒளிக்க நினைக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிலத்துக்காரரிடமோ ஊராட்சியிடமோ முதலில் சொல்லிவிடுங்கள், முடிந்தால் டப்பாவை அவர்கள் கையாலேயே வைக்கச் சொல்லுங்கள். வேண்டுதலுக்குத் தொட்டில் கட்டும் மரத்தையும் கோயில் சுவரையும் காரை ஓடையையும் விட்டுவிடுங்கள். மின்சாரம் சம்பந்தப்பட்ட எதையும் போலச் செய்யாதீர்கள். டப்பாவுக்குள் வைக்கும் சீட்டில், இது விளையாட்டு, ஆபத்தில்லை, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள் என்று முதல் வரியிலேயே தமிழில் எழுதுங்கள். தற்செயலாக அதைத் திறக்கப்போவது ஆடு மேய்க்கும் ஒரு பிள்ளையாக இருக்கலாம்.